எம்சிபி ஏன் விழுகிறது: விழுந்த நேரத்தைப் பார்த்துக் காரணம் காணும் வழிமுறை

நெல்லைச் சீமையில் புதிதாகக் கட்டிய வீடுகளில் பீங்கான் பீஸ் கட்டைகளின் இடத்துக்கு, பழுது வந்தால் தானே மின்சாரத்தை அறுக்கும் எம்சிபி, ஆர்சிசிபி என்ற ஸ்விட்சுகள் வந்துவிட்டன. ஆனால் பீஸ் போனால் கம்பியைக் கட்டிச் சொருகிவிடும் பழக்கம் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. எம்சிபி விழுந்தால், அதாவது அதன் லீவர் கீழே இறங்கி மின்சாரம் அறுந்தால், மேலே தள்ளுகிறார்கள். மறுபடி விழுந்தால் மறுபடி தள்ளுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் அதிக ஆம்பியர் உள்ள ஒன்றை வாங்கி மாட்டச் சொல்கிறார்கள். முதலாவதை ஒரே ஒரு முறை செய்யலாம். இரண்டாவது, சுவருக்குள் இருக்கும் பழுதை ஒவ்வொரு தள்ளலிலும் பெரிதாக்கும். மூன்றாவது வீட்டையே கொளுத்திவிடும்.

எந்த லீவர் விழுந்தது, எப்போது விழுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பழுது தேடும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். அந்த விடைகள் வீட்டில் இருப்பவரிடம்தான் இருக்கின்றன. எலக்ட்ரீசியன் வந்து நிற்கும்போது எல்லாம் அணைந்து கிடக்கும். லீவர் விழுந்த நேரத்தில் கீசர் ஓடியதா, மழை பெய்ததா, மோட்டார் போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இந்த வழிமுறையை விழுந்த நேரத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். இவை அடங்கிய பெட்டியான டிபி பாக்ஸின் மூடியைக் கழற்றாமல், ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காமல் வீட்டார் செய்யக்கூடியவை மட்டுமே இதில் உள்ளன. அதற்கு மேல் போக வேண்டிய இடம் வந்தால் எலக்ட்ரீசியனை அழைப்பது என்று அங்கேயே நிறுத்திவிடுகிறேன்.

தொடுவதற்கு முன்

முதலில் வாசலுக்கு வந்து தெருவைப் பாருங்கள். தெரு முழுவதும் இருட்டாக இருந்தால் உங்கள் வீட்டில் தேட எதுவும் இல்லை. பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்து, உங்கள் டிபி பாக்ஸில் எல்லா லீவர்களும் மேலேயே இருந்தால், பழுது மீட்டருக்கு அந்தப் பக்கம், சர்வீஸ் வயரிலோ கம்பத்திலோ இருக்கக்கூடும். அது மின் வாரியத்தின் வேலை. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீட்டர் சீலை உடைத்துப் பார்ப்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

லீவர் விழுந்திருக்கிறது என்றால், கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும், நிற்கும் தரையில் ஈரம் இருக்கக் கூடாது. டிபி பாக்ஸிலிருந்து கருகிய வாடை வந்தாலோ, உள்ளே உறுமும் சத்தம் கேட்டாலோ, மூடி தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தாலோ, மெயினை மட்டும் அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். டிபி பாக்ஸ் நனைந்திருந்தால் மெயினைக்கூட நீங்கள் தொட வேண்டாம்.

அடுத்து, விழுந்தது எது என்று பார்க்க வேண்டும். ஒல்லியாக வரிசையாக நிற்பவை எம்சிபி. அவற்றின் முகத்தில் பி10, சி16, சி20 என்று எழுதியிருக்கும்; எழுத்து வகையைக் காட்டும், எண் ஆம்பியரைக் காட்டும். அவற்றைவிட அகலமாக, ‘டி’ என்ற எழுத்துள்ள சிறிய டெஸ்ட் பட்டனுடன் இருப்பது ஆர்சிசிபி. வீட்டுக்குப் போடுவதில் 30 மில்லிஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டின் வேலையும் வேறு. எம்சிபி வயரைக் காக்கிறது: அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் உள்ளிருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து லீவரைத் தட்டிவிடும், ஷார்ட் ஆனால் உள்ளிருக்கும் காந்தச் சுருள் கண் இமைப்பதற்குள் தட்டிவிடும். ஆர்சிசிபி மனிதனைக் காக்கிறது: பேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, ஒரு பகுதி எர்த் வழியாகவோ ஒருவரின் உடம்பு வழியாகவோ ஒழுகினால் விழுந்துவிடும். ஓவர்லோடுக்கு, அதாவது அளவுக்கு மேற்பட்ட சுமைக்கு, ஆர்சிசிபி விழாது. எர்த் கசிவுக்கு எம்சிபி பெரும்பாலும் விழாது. இந்த வேறுபாடு தெரியாமல் ஆர்சிசிபி விழும் வீட்டில் எம்சிபியை மாற்றிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

விழுந்த லீவர் சில மாடல்களில் முழுவதும் கீழே வராமல் நடுவில் நிற்கும். அதை முதலில் கீழே நன்றாக அழுத்தி, ‘டக்’ என்று உட்கார்ந்த பிறகுதான் மேலே தள்ள வேண்டும். இல்லாவிட்டால் நிற்காது, அதைப் பார்த்து எம்சிபி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். விரலால் மேலே பிடித்துக்கொண்டு நின்றால் மின்சாரம் தொடர்ந்து வரும் என்று எண்ண வேண்டாம். லீவரைப் பிடித்திருந்தாலும் உள்ளே தொடர்பு அறுந்துவிடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

மேலே தள்ளிய நொடியிலேயே எம்சிபி விழுந்தால்

இது பெரும்பாலும் ஷார்ட். பேஸும் நியூட்ரலும் எங்கேயோ நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ‘பி’ வகை எம்சிபி தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டிலும், ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கிலும் நொடியில் விழும். ஆகவே சி16 உடனே விழுகிறது என்றால் 80 ஆம்பியரோ அதற்கு மேலோ பாய்ந்திருக்கிறது என்று பொருள். மறுபடி மறுபடி தள்ளினால் அத்தனை கரண்டும் அந்தப் பழுதான இடத்தில் ஒவ்வொரு முறையும் பொறியாக வெடிக்கும்.

அந்த லைனில் உள்ள ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்து, பிளக்குகளையும் உருவிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் பேஸ்தான் அறும், நியூட்ரலும் எர்த்தும் சாதனத்தோடு சேர்ந்தே இருக்கும் என்பதால் பிளக்கை உருவுவது அவசியம். பிறகு ஒரு முறை தள்ளுங்கள். லீவர் விழாமல் நின்றுவிட்டால் வயரிங் பிழைத்தது. ஒவ்வொன்றாகச் செருகி ஸ்விட்சைப் போட்டு வந்தால் எதில் விழுகிறதோ அதுவே பழுதான சாதனம். மிக்ஸியின் வயர் அடிப்பக்கம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருப்பதும், அயர்ன் பாக்ஸின் வயர் கருகியிருப்பதும் இதில் வழக்கமாகக் கிடைப்பவை.

எல்லாம் உருவிய பிறகும் விழுந்தால் பழுது வயரிலோ விளக்கு ஹோல்டரிலோ இருக்கிறது. கடைசியாக அந்தச் சுவரில் என்ன வேலை நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது ஸ்விட்ச் போர்டுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பட்டாசலில் (கூடத்தில்) படம் மாட்ட அடித்த ஆணி ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். மட்டப்பாவில் (மொட்டை மாடியில்) வெளியே தெரியும் வயரை அணில் கடித்திருக்கலாம். ஆணிதான் என்று சந்தேகம் வந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். அந்த லைனை அணைத்தே வைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள்.

பத்து நிமிடமோ அரை மணி நேரமோ ஓடிய பிறகு எம்சிபி விழுந்தால்

இது பெரும்பாலும் ஓவர்லோடு. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் மேலே சொன்ன மூன்றாவது தவறு நடக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எம்சிபியில் 16 என்று எழுதியிருந்தால் 16 ஆம்பியரைத் தாண்டிய உடனே விழும் என்று பொருளில்லை. தரப்படி, தன் அளவைப் போல 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் ஆனாலும் அது விழக் கூடாது, 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இரண்டுக்கும் இடையில் எப்போது விழும் என்பது சூட்டைப் பொறுத்தது. அதனால்தான் காலையில் எல்லாவற்றையும் போட்டு வெகு நேரம் கழித்து, யாரும் புதிதாக எதையும் போடாத நேரத்தில், திடீரென்று விழுகிறது.

ஓர் அடுக்களையின் கணக்கைப் பார்ப்போம். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட். வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் தோராயமாகக் கிடைக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 8.7 ஆம்பியர். 1500 வாட் கெட்டிலுக்கு 6.5. 750 வாட் மிக்ஸிக்கு 3.3. இந்த மூன்றுமே சேர்ந்து 18.5 ஆகிவிட்டது. அதே லைனில் அடுத்த அறையில் பள்ளிச் சீருடைக்கு 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டால் இன்னொரு 4.3 சேர்ந்து 23 ஆம்பியரை நெருங்கும். மிக்ஸி இரண்டு நிமிடம்தான் ஓடுகிறது, கெட்டில் ஐந்து நிமிடம்தான் என்றாலும், பட்டை ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறுவதற்கு நேரம் வேண்டும். எந்தச் சாதனத்திலும் பழுது இல்லை, எம்சிபியிலும் பழுது இல்லை. பட்டை ஆறச் சில நிமிடங்கள் விட்டு, சுமையைக் குறைத்த பிறகு ஏற்றினால் நிற்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் இண்டக்‌ஷனுக்கோ கீசருக்கோ டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? “அண்ணாச்சி, அடிக்கடி விழுது, பெருசா ஒண்ணு போட்டுருங்க” என்று கேட்கிறார்கள். சிலர் மறுபேச்சில்லாமல் 32 போட்டுக் கொடுத்தும் விடுகிறார்கள். சுவருக்குள் இருக்கும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் அடைத்து, நம் ஊர் வெயிலில், அதற்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபிதான் ஏற்றது. 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்கும் விழாமல் விட்டுக்கொண்டிருக்கும். வயரின் பிவிசி உறை இளகும், பிறகு கருகும், பிறகு ஏதோ ஒரு நாள் ஷார்ட் ஆகும். அதுவரை வீட்டில் எந்தத் தொந்தரவும் தெரியாது, விழுவது நின்றுவிட்டது என்ற நிம்மதிகூட இருக்கும். வயரை மாற்றாமல் எம்சிபியின் அளவை மட்டும் ஏற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

சுமை கூடாமலே இப்படி விழுவதும் உண்டு. எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்துக் குறித்தது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் மேற்குப் பார்த்த சுவரில், மர அலமாரிக்குள் பூட்டி வைத்த டிபி பாக்ஸின் உட்புறம் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். ஒட்டி ஒட்டி நிற்கும் எம்சிபிகள் ஒன்றையொன்று சூடேற்றும். மார்கழியில் தாங்கிய அதே சுமைக்குச் சித்திரையில் விழுவது இதனால்தான். ஏசியின் லைன் மட்டும் பிற்பகலில் விழுகிறது என்றால் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஏசியின் வெளி யூனிட்டில் தூசி அடைத்திருந்தாலும் அது கூடுதல் கரண்ட் இழுக்கும்.

இன்னொரு காரணம் லூஸ் கனெக்‌ஷன். வயர் எம்சிபிக்குள் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் அந்த இடமே அடுப்பாகி, பக்கத்திலுள்ள பட்டையைச் சூடேற்றி, பாதிச் சுமையிலேயே தட்டிவிடும். வரிசையில் ஒரு எம்சிபியின் முகம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது, மீன் வாடை போல ஒரு நெடி வருவது ஆகியவை இதற்கு அடையாளங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் செம்பு முனைகள் பச்சை பூத்து இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். அந்த லைனை அணைத்து வையுங்கள். முனையை வெட்டிச் சுத்தம் செய்து முறுக்குவதும், கருகிய எம்சிபியை மாற்றுவதும் எலக்ட்ரீசியன் வேலை.

மோட்டார் போடும்போது விழுந்தால்

மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஆகவே மோட்டார் லைனுக்கு ‘பி’ வகை எம்சிபி போட்டிருந்தால் மாட்டிய நாளிலிருந்தே அவ்வப்போது விழும். அதே ஆம்பியரில் ‘சி’ வகை போட்டால் சரியாகிவிடும். ஆம்பியரைக் கூட்டத் தேவையில்லை.

பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய மோட்டார் இப்போது மட்டும் விழச் செய்கிறது என்றால் கதை வேறு. சுற்றாமல் உறுமுகிறதா என்று கேளுங்கள். உறுமினால் உடனே அணைத்துவிட வேண்டும். நின்ற இடத்திலேயே கரண்டை இழுத்து வைண்டிங் கருகிவிடும். கபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், வெகுநாள் போடாததால் பம்பு இறுகியிருக்கலாம், போர் மோட்டார் என்றால் மணல் பிடித்திருக்கலாம். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் இப்படி ஆகிறது, விடியற்காலையில் போட்டால் ஓடுகிறது என்றால் லோ வோல்டேஜைச் சந்தேகிக்க வேண்டும். லைனின் கடைக்கோடியில் உள்ள கிராமங்களில் எல்லோரும் ஒன்றாக விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் கிளம்பத் திணறி நெடுநேரம் அதிகக் கரண்டை இழுக்கும். நேரத்தை மாற்றித் தொட்டியை நிரப்புவதே அங்கே எளிய வழி.

ஆர்சிசிபி விழுந்தால்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஆர்சிசிபி விழுவது தொல்லையாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அது ஏதோ ஓரிடத்தில் கரண்ட் வழி தவறிப் போனதைக் கண்டிருக்கிறது. 30 மில்லிஆம்பியர் என்ற எல்லை, உடம்பு வழியாகப் பாயும் கரண்ட் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் முன்னே அறுத்துவிட வேண்டும் என்பதற்காக வைத்தது. “ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்பதும், கேட்டதற்காக அப்படிச் செய்து கொடுப்பதும் குழந்தைகள் உள்ள வீட்டில் எந்த விதத்திலும் நியாயமில்லாத காரியம்.

எல்லா எம்சிபிகளையும் கீழே இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக, இடையில் கொஞ்சம் பொறுத்து, ஏற்றி வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பெரும்பாலும் கசிவு. பிறகு முன்பு சொன்னபடி அந்த லைனின் பிளக்குகளை எல்லாம் உருவி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். இதிலும் விழுந்த நேரம் வழிகாட்டும்.

குறிப்பிட்ட சாதனத்தைப் போட்டதும் விழுகிறது என்றால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது. போட்டதும் விழாமல் சில நிமிடம் சூடேறிய பிறகு விழுகிறது என்றால் ஹீட்டர் உள்ள சாதனங்களைப் பாருங்கள்: கீசர், அயர்ன் பாக்ஸ், தண்ணீரைச் சுடவைக்கும் வாஷிங் மெஷின். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளைவிட உப்புத் தண்ணீர் போரை நம்பியிருக்கும் வீடுகளில் கீசர் காயில் விரைவாகக் கெடும். காயிலைச் சுற்றி உப்பு கல்லாகப் படிந்து, உறை வெடித்து, தண்ணீர் உள்ளே போய்விடும். அந்தக் கீசரில் தண்ணீர் சுடுகிறதே என்று ஆர்சிசிபி இல்லாத வேறு லைனில் செருகிக் குளிப்பவர்கள் உண்டு. எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் செருகினால் விழுவதில்லை என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. விழாததற்குக் காரணம், கசியும் கரண்ட் போக வழியில்லாமல் சாதனத்தின் உடம்பிலேயே காத்திருப்பதுதான். ஈரக் கையோடு தொடுபவர் அதற்கு வழியாகிவிடுவார். இதைச் செய்யவே கூடாது.

யாரும் எதையும் போடாதபோது, நடு இரவிலும் விடியற்காலையிலும் விழுகிறது என்பது எலக்ட்ரீசியன்களையே அலைக்கழிக்கும் புகார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் இப்படி விழுந்துகொண்டிருந்தபோது வயரிங் முழுவதையும் மாற்றிவிடலாம் என்ற பேச்சு வரை வந்துவிட்டது. அந்த வீட்டம்மா தினசரிக் காலண்டரின் தாள்களில் விழுந்த நேரத்தை எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இரண்டு முறை விழுவதற்கு இடையில் ஏறக்குறைய ஒரே அளவு இடைவெளி இருந்தது. வீட்டில் தானாக இடைவெளி விட்டு இயங்கும் சாதனம் ஃபிரிட்ஜ்தான். பனி உறையாத வகை ஃபிரிட்ஜில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பனியை உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் தானே ஓடும். அந்த ஹீட்டர் கசிந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜை ஒரு நாள் உருவி வைத்ததில் ஆர்சிசிபி விழவில்லை. ஹீட்டரை மாற்றியதோடு வேலை முடிந்தது. அந்தக் காலண்டர் தாள் இல்லையென்றால் நல்ல வயரிங்கை உடைத்திருப்பார்கள்.

மழை பெய்தால் விழுகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது என்றால் வெளியே உள்ளவற்றைத் தேடுங்கள்: கேட் விளக்கு, காலிங் பெல், மட்டப்பா ஸ்விட்ச், மோட்டார் ரூம், வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயிண்ட். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் பெருமழை இல்லாமலே ஈரம் நாள்கணக்கில் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். அங்கே வெளிப் போர்டுகளுக்கு மூடி போட்ட பெட்டி அவசியம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டிலிருந்து சீரியல் விளக்குச் செட் இழுத்துக் கொடுப்பது நம் வழக்கம். அந்த மெல்லிய வயர்களின் ஒட்டுகள் வேப்பமரத்திலும் தகரப் பந்தலிலும் பட்டுக்கொண்டு நனையும்போது ஆர்சிசிபி விழுந்தால், கொடை முடியும்வரை அதைத் தாண்டிக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். தகரப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கும் இடம் அது.

வெள்ளம் புகுந்த வீட்டுக்குத் தனி விதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி சந்திப்பு, கொக்கிரகுளம் பகுதிகளில் புகுந்ததைப் போலத் தண்ணீர் வந்து பிளக் பாயிண்டுகள் மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்ததும் லீவரை ஏற்றிப் பார்க்கும் சோதனையே வேண்டாம். மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, ஸ்விட்சுகள் காய்ந்தாலும் நம்ப முடியாதவை. மாற்றியே ஆக வேண்டும். குழாய்க்குள் இருக்கும் வயரை 500 வோல்ட் மெக்கரால் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) சோதித்து, குறைந்தது ஒரு மெகாஓம் காட்டுகிறது என்று எலக்ட்ரீசியன் சொன்ன பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஃபேன் காற்றில் சுவர் மேலே காய்ந்துவிட்டாலும் குழாயின் வளைவுகளில் தண்ணீர் நிற்கும்.

எல்லா எம்சிபிகளும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லை, அல்லது எந்த எம்சிபியை ஏற்றி எந்த விளக்கைப் போட்டாலும் விழுகிறது என்றால், நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒற்றை முனை எம்சிபி பேஸை மட்டுமே அறுக்கும். நியூட்ரல்கள் எல்லாம் ஒரே கட்டையில் சேர்ந்தே இருக்கும். அதனால் எம்சிபியை இறக்குவதால் அந்தப் பழுது பிரிவதில்லை. வீட்டார் செய்யக்கூடியது எல்லாப் பிளக்குகளையும் உருவிப் பார்ப்பது மட்டுமே. ஏதாவது ஒரு சாதனத்துக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். அதிலும் நிற்கவில்லை என்றால், நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க எலக்ட்ரீசியன் வர வேண்டும்.

புதிதாக இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு விழத் தொடங்கியது என்றால் அந்த வேலையையே திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்த நியூட்ரலும் பின்னால் எடுத்த நியூட்ரலும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், போன கரண்ட் வேறு வழியில் திரும்பும்; ஆர்சிசிபி அதைக் கசிவு என்றே கணக்கிடும். எந்தச் சாதனத்திலும் கசிவு இல்லாத வீட்டில் ஆர்சிசிபி விழுவதற்கு இது மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்த அதே நொடியில் விழுந்து, மறுபடி ஏற்றியதும் நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். மின்னலால் லைனில் வந்த அதிர்வு அது. இடி ஓய்ந்த பிறகு ஏற்றி, டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் போதும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுகிறது, எந்தச் சாதனத்தை உருவினாலும் விழுவது குறைகிறது, ஆனால் ஒன்றை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை என்றால் அது சில்லறைக் கசிவுகளின் கூட்டுத்தொகை. கம்ப்யூட்டர், டிவி, எல்இடி விளக்கு, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் பழுதில்லாமலே கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்கு விடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15 ஐத் தாண்டினாலே விழலாம் என்பது தரத்திலேயே உள்ளது. வீட்டை இரண்டு ஆர்சிசிபிகளாகப் பிரித்துக்கொள்வதே இதற்கு முறையான தீர்வு.

விழ வேண்டியது விழாமல் இருந்தால்

குழாயைத் திருகும்போதோ ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொடும்போதோ ‘சுர்’ என்று பிடிக்கிறது, ஆனால் எதுவும் விழவில்லை என்றால், விழுவதைவிட அது மோசமான அறிகுறி. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். வீட்டில் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கலாம், இருந்தும் கெட்டிருக்கலாம், எர்த் செத்திருக்கலாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கோடையில் எர்த் குழி எலும்பாகக் காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்டு வைத்த குழிக்குப் பங்குனி முதல் ஆடி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது அங்கே வீட்டு வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது, அழுத்தியும் விழாத ஆர்சிசிபியை அன்றே மாற்ற வேண்டும். ஆனால் பட்டனை அழுத்தி விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை.

சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்து, சில மங்கி, ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால், வெளியே நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். சாதாரண எம்சிபிக்கு அது தெரியாது. ஒரு நொடியும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். டிவியையும் ஃபிரிட்ஜையும் காப்பாற்ற வேறு வழியில்லை.

எலக்ட்ரீசியனிடம் சொல்ல வேண்டியவை

“கரண்ட் நிக்க மாட்டேங்குது” என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தேட வேண்டும். விழுந்தது எம்சிபியா ஆர்சிசிபியா, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது, ஏற்றிய உடனே விழுந்ததா எவ்வளவு நேரம் கழித்தா, அப்போது என்னென்ன ஓடின, வானிலை எப்படி இருந்தது, சமீபத்தில் சுவரில் என்ன வேலை நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். கசிவுப் புகாருக்கு மெக்கரும், ஓவர்லோடு புகாருக்கு டாங் டெஸ்டரும் (வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டரால் இந்த இரண்டு பழுதுகளையும் கண்டுபிடிக்க முடியாது. வேலை முடிந்ததும், ஒவ்வொரு எம்சிபியையும் இறக்கி, எந்தெந்த அறை அணைகிறது என்று அவரோடு நின்று பார்த்து, ‘அடுக்களை’, ‘மோட்டார்’, ‘மாடி ஏசி’ என்று தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை விழும்போது வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கும் எது விழுந்தது என்று போனில் சொல்ல முடியும்.